இசைத் தொகுப்பும் கேட்போர் தீர்ப்பும்

தோற்றுவாய்

ஞானத்தை அடையும் படிகளைக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என நான்காக வகுத்த சித்தாந்த நூலோர், கேட்டலையே முதற்படியாக வைத்தனர். திருமுறையாசிரியர்களும் தம் அனுபவத்தை இசையொடு கூட்டியே உலகிற்கு வழங்கினர். ஆதலின், ஒரு பாடலைக் கேட்ட அன்பர் சிலர் அதனைப்பற்றித் தம்முள் உரையாடுதல் வெறும் பொழுதுபோக்கன்று. முறையாக நிகழுமாயின், கேட்டலினின்று சிந்தித்தலுக்கு ஏறும் செயலே அஃதாகும். முறை தவறின் அதுவே செவியையும் கெடுத்து, அடியார் கூட்டத்தினுள் பிணக்கையும் விளைக்கும்.

இற்றைஞான்று திருமுறைப் பாடல்களைத் திருக்கோயிலில் ஓதுவார் முன்னிலையிற் கேட்பதோடு, பதிவு செய்யப்பெற்ற தொகுப்புக்களின் வாயிலாக இல்லத்திருந்து கேட்பதும் வழக்கமாயிற்று. கேட்டவர் ஒருவர் மற்றவரைக் கண்டுழி, 'அத்தொகுப்பு உள்ளத்தை உருக்குகின்றது' என்பர். மற்றவர், 'அஃது இசையே அன்று' என்பர். ஒருவர் ஓதுவார் பதிவே மெய்யிசை என்பர். இளைஞர் ஒருவர் அது செவிக்கு இனிமை தரவில்லை என்பர். இவ்வுரையாடல்களிற் பல, தொடங்கிய இடத்திலேயே முடிகின்றன. ஒருவர் கருத்தால் மற்றவர் செவி சிறிதும் விளக்கம் பெறுவதில்லை. அதற்குக் காரணம் யாது, அக்குறை தீருமாறு எங்ஙனம் என்பன ஈண்டு ஆராயற்பாலன.

இசைத்தட்டின் வரவு

முதற்கண் தொகுப்பு என்னும் பொருளின் இயல்பு அறியப்படல் வேண்டும். 1902 ஆம் ஆண்டு கிராமபோன் கம்பெனியார் கல்கத்தாவிற் கௌகர் ஜான் முதலியோரின் பாடல்களைத் தட்டுக்களிற் பதிவு செய்தனர். அதன்பின் சில ஆண்டுகளில் தென்னாட்டு இசைவாணர் குரல்களும் தட்டுக்களாய் வெளிவந்தன. நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் அத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும். நீண்ட இசை பல தட்டுக்களிற் பதிவாயின், அவற்றைப் புத்தகம்போற் கட்டிய உறைகளுள் அடுக்கி விற்றனர். இசைத் தொகுப்பிற்கு ஆல்பம் என்னும் பெயர் வந்தது அவ்வாற்றானே. 1948 இல் நெடுநேரம் ஓடும் தட்டும், 1963 இல் ஒலிநாடாப் பேழையும், 1982 இல் குறுந்தகடும் விற்பனைக்கு வந்து, பதிவின் கால எல்லையைப் படிப்படியே விரித்தன.

இவ்வரலாற்றால் விளங்குவது ஒன்றுண்டு. பாத்திரத்தின் அளவே பாடலின் அளவாயிற்று என்பதே அது. தேவாரப் பதிகமொன்று பெரும்பாலும் பத்துப் பாடல்களையோ பதினொரு பாடல்களையோ உடையது. மூன்று நிமிடத் தட்டில் அவற்றுள் ஒன்றோ இரண்டோ அடங்கும். பண்ணை விரித்துக் காட்டவும், ஓரடியை மீட்டும் மீட்டும் இசைத்துப் பொருளிற் படியவும் அங்கே இடமில்லை. அத்தகைய தட்டைக் கேட்டு, 'இப்பதிகத்தில் ஆழமில்லை' என்பார் பதிகத்தின்மேற் குறை கூறியவர் அல்லர். தட்டின் குறையைப் பதிகத்தின்மேல் ஏற்றியவரே ஆவர். கலத்தின் எல்லை வேறு, அதனுள் நிறைந்த பொருளின் தகுதி வேறு எனப் பிரித்தறிதல் இசை மதிப்பீட்டின் முதல் விதியாம்.

காட்சியும் கருத்தும்

இனி, கேட்போர் கூற்றுக்களின் இயல்பைக் காண்க. அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதி இதற்குத் தக்க துணையாகின்றது. அந்நூல் காட்சியளவையை வாயிற் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என நால்வகைப்படுத்தும். பொறிவாயிலாக ஐயம் திரிபின்றி அறிவது வாயிற் காட்சி. அவ்வாறு அறிந்ததனை உள்ளத்திற் கொண்டு புத்தியால் துணிவது மானதக் காட்சி. அராகம் முதலிய தத்துவங்களின் வழியே உயிர் தான் நுகரும் இன்ப துன்பங்களை அறிவது தன்வேதனைக் காட்சி. யோகக் காட்சி சிவயோகியர்க்கே உரியதாதலின், இசைத் தொகுப்பைப்பற்றிய உரையாடலில் அதற்கு இடமில்லை. ஏனைய மூன்றுமே ஈண்டு வேண்டப்படுவன.

'இப்பாடலிற் குரல் மேலோங்கி நிற்கின்றது. இவ்விடத்திற் கருவிகள் குரலை மறைக்கின்றன. இச்சொல் தெளிவாக ஒலிக்கவில்லை' என்பன வாயிற் காட்சியைச் சார்ந்தன. கேட்கும் எவரும் மீட்டும் கேட்டு இவற்றைச் சரிபார்த்துக்கொள்ளலாம். 'இம்மெட்டு இப்பாடலின் கருத்திற்குப் பொருந்துகின்றது. இந்நடை அக்கருத்திற்கு மாறாகின்றது' என்பன புத்தியாற் துணிந்தன. நூலறிவுடையோர் காரணம் காட்டி இவற்றை நாட்டலாம், மறுக்கவும் செய்யலாம். 'என் கண்ணில் நீர் பெருகிற்று. எனக்கு இது பிடிக்கவில்லை' என்பன தன்வேதனையைச் சார்ந்தன. இவை மறுக்கற்பாலன அல்ல. ஒருவர் அழுததை மற்றவர் அழவில்லை என்று மறுத்தல் யாங்ஙனம்? அவ்வாறே, ஒருவர் அழுகையைக் கொண்டு மற்றவரும் அழவேண்டும் என்று விதித்தலும் கூடாது. உயிர்தோறும் வினை வேறு. வினைக்கேற்ப விருப்பும் வேறு.

கேட்போரிடை நிகழும் பிணக்குக்களின் வேர் இவ்விடத்தே வெளிப்படுகின்றது. தன்வேதனையாக அறிந்ததனை வாயிற் காட்சியாக எண்ணிக் கூறுவதே அப்பிணக்கின் காரணம். 'எனக்கு இனித்தது' என்று கூறவேண்டியவர் 'இது சிறந்தது' என்கின்றார். 'என் பழக்கத்திற்கு இஃது ஒவ்வவில்லை' என்று கூறவேண்டியவர் 'இது சமயத்திற்கே இழுக்கு' என்கின்றார். தூணைக் கள்வன் என்றும் கயிற்றைப் பாம்பென்றும் கொள்வது போலத் தன் உணர்வைப் பொருளின் இயல்பாகக் கொள்வதும் ஒரு திரிபேயாம்.

திருவாசக இசைத் தொகுப்பு

இவ்வுண்மையை விளக்க, அண்மைக் காலத்துச் சைவ அன்பர்களிடையே மிகுதியாகப் பேசப்பட்ட தொகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளல் தகும். 2005 ஆம் ஆண்டு இளையராஜா அவர்கள் இசையமைத்துத் தமிழ் மையம் என்னும் அமைப்பின் முயற்சியால் வெளிவந்த திருவாசகத் தொகுப்பே அது. திரையிசையாற் பெரும்புகழ் பெற்ற ஒருவர், மேல்நாட்டுச் செவ்விசை முறையில், மணிவாசகப் பெருமான் திருவாக்கிற்கு இசை வகுத்தார். ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவினர் கருவியிசைத்தனர். அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் ஆங்கிலப் பகுதிகளை எழுதினார். ஆகவே, செவ்விசை, மக்களிசை, திருமுறை ஆகிய மூன்றும் ஓரிடத்திற் கூடிய தொகுப்பு இஃதென்க.

இதன்கண் ஆறு பாடல்கள் உள. திருக்கோத்தும்பி, சிவபுராணம், யாத்திரைப் பத்து, பிடித்த பத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப் பத்து என்னும் பகுதிகளினின்று அவை எடுக்கப்பட்டன. திருவாசகம் 51 பகுதிகளை உடைய பெருநூல். அதனுள் ஆறு பகுதிகளின் சில பாடல்களும் சில அடிகளுமே இத்தொகுப்பில் இடம்பெற்றன. ஆதலின், இதனைத் திருவாசகம் என வழங்கினும், திருவாசகக் கடலினின்று முகந்த ஒரு குடநீர் என்று கொள்வதே பொருத்தமுடையது.

இதன் இசைவகை யாதென்பதும் அறியற்பாலது. சிம்பொனி என்னும் சொல் இதன் பெயரோடு ஒட்டி வழங்குகின்றது. ஆயின் சிம்பொனி என்பது பெரும்பான்மையும் குரலின்றிக் கருவிகளே இசைக்கும் நெடிய இசைப்படைப்பு. இளையராஜா அவர்கள் அவ்வகைப் படைப்பொன்றை 2025 மார்ச்சுத் திங்களில் இலண்டனில் அரங்கேற்றினார். திருவாசகத் தொகுப்போ ஓரட்டோரியோ என்னும் வகையைச் சார்ந்தது. சமயப் பொருளுடைய பாடலைத் தனிக்குரல்களும் குழுக்குரல்களும் பெருங்கருவிக்குழுவும் கூடி, வேடமும் நடிப்புமின்றி இசைப்பது ஓரட்டோரியோ. உரோமாபுரியில் வழிபாட்டு மன்றங்களில் அன்பர் கூடிப் பாடிய வழக்கினின்று அப்பெயர் எழுந்தது. 1742 இல் டப்ளின் நகரில் அரங்கேறிய ஹாண்டலின் 'மெசையா' அவ்வகையிற் புகழ்பெற்றது. கோயிற் பூசையின் உறுப்பாக அமையாது, பூசைக்குப் புறம்பே அன்பர் கூட்டத்திற்கென அமைந்த இசை இது. இவ்வகை வேறுபாட்டை அறியாதவர், திருக்கோயிற் சந்நிதியில் ஓதுதற்குரிய விதிகளைக் கொண்டு இதனை அளக்க முற்படுவர். நெல்லை முழக்கோலால் அளத்தல் போல்வதே அது.

ஆராய்தற்குரிய கூற்றுக்கள்

இத்தொகுப்பைப்பற்றி அன்பர்கள் தம்முட் பரிமாறிக்கொள்ளும் கூற்றுக்களுட் சிலவற்றை இனி ஆராயலாம்.

மேல்நாட்டுக் கருவிகள் திருவாசகத்திற்கு ஒவ்வா என்பது முதற் கூற்று. இதனை ஏற்றற்குக் கருவியின் பிறப்பிடம் ஒன்றே காரணமாகாது. வயலின் மேல்நாட்டிற் பிறந்த கருவியே. எனினும் தென்னாட்டு இசையரங்கில் அஃது இன்றியமையாததாய்த் திருமுறையிசைக்கும் துணைநிற்கின்றது. அன்றியும், மணிவாசகப் பெருமான் தம் காலத்து மகளிர் ஆடிப் பாடிய அம்மானை, பொற்சுண்ணம், தெள்ளேணம், சாழல், உந்தி, தோணோக்கம், பொன்னூசல் என்னும் விளையாட்டுப் பாடல்களின் வடிவங்களையே எடுத்துச் சிவானுபவத்தை அவற்றுள் நிறைத்தருளினார். மக்கள் வாயில் வழங்கும் எளிய இசை திருவருட்பொருளைத் தாங்காது என்பது திருவாசகத்தாலேயே மறுக்கப்படும். ஆகவே, 'கருவி அயலது' என்பது குற்றமாகாது. 'கருவி சொல்லை மறைத்தது' என்பது காட்டப்படுமாயின் அதுவே குற்றமாம். இத்தொகுப்பிற் கருவிகள் பல ஒருங்கே எழும் சில இடங்களில் திருவாக்கின் சொற்கள் பின்னடைகின்றன என்பது உண்மை. தனிக்குரல் நின்று பாடும் இடங்களிலோ சொல் தெளிந்து விளங்குகின்றது. இவ்விரண்டையும் இடஞ்சுட்டிக் கூறுவோரே மதிப்பீடு செய்தவராவர்.

ஆங்கிலப் பகுதிகள் அன்னியர்க்கும் பொருளை உணர்த்துகின்றன, ஆதலின் அவை நன்று என்பது இரண்டாவது கூற்று. பிறமொழியார்க்கும் திருவாசகம் எட்டவேண்டும் என்னும் நோக்கம் போற்றற்குரியது. போப்பையர் 1900 ஆம் ஆண்டு திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டதும் அந்நோக்கத்தாலேயாம். ஆயின், நூலிற் காணும் மொழிபெயர்ப்பு மூலத்தை இடையறுப்பதில்லை; கற்பவன் மூலத்தை ஓதி முடித்துப் பின்னர் அதனை நோக்கலாம். இசையிலோ காலம் ஒன்றே உள்ளது. சிவபுராணம் 95 அடிகளையுடைய கலிவெண்பா. அடியோடு அடி தொடர்ந்து ஓடுவது. புல் முதல் தேவர் ஈறாகப் பிறந்து இளைத்த உயிர் தன் இளைப்பையெல்லாம் ஒரே மூச்சிற் சொல்லி முடிக்கும் பகுதியின் ஆற்றல், இடையறாமையிலேயே நிலைபெற்றுள்ளது. அதன் நடுவே வேற்றுமொழி புகுந்துழி, பொருளறியாதார்க்கு விளக்கம் கிடைப்பினும், பொருளறிந்தார்க்கு அவ்வோட்டம் அறுகின்றது. இஃது ஒருசார் அன்பரின் வெறுப்பன்று. செய்யுளின் அமைப்பைக் கொண்டு காட்டத்தக்க குறையென்க.

அன்றியும், அப்பாடல் சிவபுராணத்தின் முதலடியினின்று தொடங்காது, நூலின் இடையே தன் சிறுமையை உயிர் எடுத்துரைக்கும் அடியினின்று தொடங்குகின்றது. இசையமைப்பிற்கு அத்தொடக்கம் அழகிது. எளியோன் ஒருவனின் முறையீடாகப் பாடல் விரிதற்கு அது வழிசெய்கின்றது. ஆயினும் திருவைந்தெழுத்தை வாழ்த்தித் தொடங்குதல் சிவபுராணத்தின் உயிர்நிலை. இத்தொகுப்பினை மட்டும் கேட்ட இளைஞர், உயிரின் முறையீட்டை முதலாகவும் இறைவன் திருப்பெயரை அதன்பின்னதாகவும் எண்ணுவர். திருவருள் முன்னிற்ப, உயிர் பின்னர்த் தன் குறையுணரும் என்பதே சித்தாந்த முறை. அவர்க்கு இதனை எடுத்துரைத்தல் மூத்தோர் கடன். அவரை இகழ்தல் கடனன்று.

'இப்பாடல் உள்ளத்தை உருக்குகின்றது' என்பது மூன்றாவது கூற்று. உருகுதல் தன்வேதனை. அது மெய்யே. ஆயின், உருகியது யாது கருதி என்பதை ஆராய்தல் வேண்டும். நரம்புக் கருவிகள் பல ஒருசேர எழுந்து தாழும் ஓசையே நெஞ்சை அசைக்க வல்லது. சொல் இல்லாதவிடத்தும் அது அசைக்கும். திருவாக்கின் பொருளால் நெகிழ்ந்தாரோ, ஓசையின் பெருக்கால் நெகிழ்ந்தாரோ என்பதைக் கேட்டவரே தம் உள்ளத்துள் நாடி அறியலாம். கருவியொலி நின்றபின் அடியொன்றை நூலெடுத்து மெல்ல ஓதிப் பார்க்கின், அந்நெகிழ்ச்சி எஞ்சி நிற்கின்றதா என்பது புலனாகும். எஞ்சின், தொகுப்பு தன் தொண்டைச் செய்தது. எஞ்சாதாயின், செவி இன்புற்றதே பயன். அதுவும் பழியன்று, ஆயினும் அதனைப் பத்தி என்று மயங்குதல் கூடாது.

இவற்றிற்கெல்லாம் மேலான உரைகல் ஒன்று திருவாசகப் பதிப்புக்களிலேயே உளது. ஒவ்வொரு பகுதிக்கும் அதன் உட்பொருளைச் சுட்டும் தொடர் ஒன்றைப் பண்டையோர் வைத்துள்ளனர். திருக்கோத்தும்பிக்குச் சிவனோடு ஐக்கியம் என்பர். திருப்பொற்சுண்ணத்திற்கு ஆனந்த மனோலயம். பிடித்த பத்திற்கு முத்திக் கலப்புரைத்தல். யாத்திரைப் பத்திற்கு அனுபவாதீதம் உரைத்தல். அச்சப் பத்திற்கோ ஆனந்தமுறுதல் என்று குறித்தனர். பெயரால் அச்சமாயினும் பொருளால் ஆனந்தம் என்பது அதன் கருத்து. உலகம் அஞ்சும் பொருள்களை அஞ்சாது, அன்பிலாரைக் கண்டு மட்டும் அஞ்சும் உயிரின் உறுதி அங்கே பேசப்படுகின்றது. அப்பாடலை அமைக்கும் இசையில் நடுக்கம் ஒலிப்பின் அது பிழை. உறுதியும் எழுச்சியும் ஒலிப்பின் அது பொருத்தம். இத்தொகுப்பின் இறுதிப் பாடலாக அச்சப் பத்து எழுச்சியுடைய நடையில் அமைந்தது அவ்வகையாற் பாராட்டத்தக்கது. இங்ஙனம் உட்பொருளைக் கொண்டு இசையை அளத்தல் சைவர்க்கே உரிய சிறப்புரிமை. அவ்வுரிமையைக் கைவிட்டு, வாளா விருப்பு வெறுப்புக்களையே பேசுதல் கையிலுள்ள பொற்றராசை எறிந்துவிட்டுக் கண்ணளவால் விலை பேசுதலை ஒக்கும்.

ஓதுவார் ஒலிப்பதிவுகள்

மறுபக்கத்தே, ஓதுவார் பதிவுகளைப்பற்றிய இளைஞர் கூற்றும் ஆராயற்பாலது. திருவாசகம் முழுவதும் ஒரே இராகத்தில் ஓதப்படுதலால் சலிப்புத் தட்டுகின்றது என்பர் சிலர். திருவாசகத்தை மோகன இராகத்தில் ஓதுதல் ஓதுவார் மரபு. பதிகந்தோறும் பண் வகுக்கப்பட்ட தேவாரத்திற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. இசை மாறாது நிற்பதனாற் கேட்போன் கவனம் இசையை விட்டுச் சொல்லின்மேற் செல்கின்றது. ஆறு புதிது புதிதாகக் கரையை மாற்றாமையின் நீரோட்டமே கண்ணிற் படுதல் போல்வது அது. எனவே, அம்மரபின் குறையெனக் கூறப்படுவதே அதன் நோக்கமாதல் அறிக. இதனை அறிந்தபின்னரும் ஒருவர்க்கு அது சுவைக்கவில்லையெனின் குற்றமில்லை. அறியாமுன்னரே தள்ளுதல் குற்றம்.

தருமபுர ஆதீனத்தில் திருமுறை பயின்ற தருமபுரம் ப. சுவாமிநாதன் அவர்கள் 1923 இற் பிறந்து 2009 வரை வாழ்ந்து, திருமுறைப் பாடல்களைப் பேரளவில் ஒலிப்பதிவாக விட்டுச் சென்றார். அப்பதிவுகளின் அருமை அவற்றின் இனிமையில் மட்டும் இல்லை. திருமுறை கண்ட வரலாற்றில் ஏடுகள் தில்லையிற் கிடைத்தபின்னும் பண் கிடைத்திலது. திருவெருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருவரைக் கொண்டே பண்முறை வகுக்கப்பெற்றது என்ப. எழுத்து ஏட்டில் வாழும். இசை மிடற்றில் மட்டுமே வாழ்ந்துவந்தது என்பதற்கு அவ்வரலாறே சான்று. ஓர் ஓதுவார் மறைந்தால் அவர் மிடற்றில் இருந்த இசையும் மறையும் என்னும் நிலையை ஒலிப்பதிவு மாற்றிற்று. அத்தகைய பதிவைப்பற்றிப் பேசுவோர், 'இனிக்கின்றதா' என்று வினவுவதோடு நில்லாது, 'எவ்வாசிரியர் பாடம், எப்பண், எந்நடை' என்றும் வினவுதல் வேண்டும்.

செவ்விசைக்கும் மக்களிசைக்கும் இடையே கடத்தற்கரிய மதிலொன்று உண்டு என்று கொள்வாரும் உளர். ஓதுவார் மரபில் வந்த எம். எம். தண்டபாணி தேசிகர் 1908 முதல் 1972 வரை வாழ்ந்தவர். 1942 இல் வெளிவந்த 'நந்தனார்' திரைப்படத்தில் நந்தனாராக நடித்துப் பாடியவர்; இசையரங்கிலும் பல்கலைக்கழகத்திலும் விளங்கியவர். ஒரே மிடறு கோயிலிலும் அரங்கிலும் திரையிலும் ஒலித்தது. இடந்தோறும் முறை வேறுபடும். பாடுவானின் பயிற்சியும் அன்பும் வேறுபடவில்லை. ஆதலின், தொகுப்பு எவ்வகையைச் சார்ந்தது என்பதைக் கொண்டு உயர்வு தாழ்வு கற்பித்தல் பொருந்தாது. அவ்வகைக்குரிய கடனை அது செய்ததா என்றே நோக்கல் வேண்டும்.

யாழ்மூரி காட்டும் நெறி

இசையைப்பற்றிய கேட்போர் கருத்து வேற்றுமையும் அதற்குரிய தீர்ப்பும் பெரியபுராணத்திலேயே காணக்கிடக்கின்றன. திருநீலகண்ட யாழ்ப்பாணர் திருஞானசம்பந்தப் பிள்ளையாருடன் தம் தாயார் பிறந்த ஊராகிய தருமபுரத்தை அடைந்தார். அங்கிருந்த அவர் சுற்றத்தார், பிள்ளையாரின் பதிக இசை உலகிற் பரவுதற்குப் பாணர் யாழில் இட்டு வாசிப்பதே காரணம் என்றனர். பாணர் அது பொறாது நடுங்கி, யாழில் அடங்காத இசையை அருளுமாறு பிள்ளையாரை வேண்டினார். பிள்ளையார் அவ்வாறே பாடியருள, யாழில் அதனை அமைக்க இயலாத பாணர் அக்கருவியை உடைத்தற்கு ஓங்கினார். பிள்ளையாரோ யாழைத் தம் கையில் வாங்கி, இறைவன் திருப்புகழ் இக்கருவியில் அடங்குமோ, இதன்கண் அமைந்த அளவிற்கு வாசிப்பதே தகும் என்று உணர்த்தி, மீண்டும் அதனைப் பாணர்க்கே அளித்தருளினார்.

சுற்றத்தாரும் கேட்போரே, அவர் கூற்றும் ஒரு மதிப்புரையே. அவர் செய்த பிழை, செவியை முதலில் வந்தடைந்த யாழொலியையே பதிகத்தின் புகழுக்குக் காரணமாகக் கொண்டமை. பாணர் செய்ய எண்ணிய பிழை, கருவியில் அடங்காமையைக் கருவியின் குற்றமாகக் கொண்டமை. பிள்ளையார் இரண்டையும் விலக்கியருளினார். திருவாக்குக் கருவியுள் அடங்காது என்பதும் உண்மை. அதன்பொருட்டுக் கருவியை உடைத்தல் வேண்டா என்பதும் உண்மை. இத்தொகுப்புக்களைப்பற்றிப் பேசுவாருள், 'இத்தொகுப்பாலேயே திருவாசகம் உலகறிந்தது' என்பார் சுற்றத்தாரின் வழியினர். 'இதனை ஒழித்தல் வேண்டும்' என்பார் யாழை ஓங்கிய நிலையினர். அமைந்த அளவிற்கு வாசிக்க விடுதலும், அமையாததை அமையவில்லை என்று அறிந்து கூறுதலுமே பிள்ளையார் காட்டிய நெறி.

முடிவுரை

இவ்வாற்றால், இசைத் தொகுப்புக்களைப்பற்றித் தம்முள் உரையாடும் அன்பர்கள் கைக்கொள்ளத்தக்க முறை தானே பெறப்படும். ஒருமுறை கேட்டு உரையாது பன்முறை கேட்டல் வேண்டும். திருவாக்கின் மூலத்தை முன்வைத்துக் கேட்டல் வேண்டும். செவி அறிந்தது இது, புத்தி துணிந்தது இது, உள்ளம் நுகர்ந்தது இது என மூன்றையும் கலவாது கூறல் வேண்டும். குறை கூறுவோர் பாடலின் இடத்தைச் சுட்டல் வேண்டும்; புகழ்வோரும் அவ்வாறே சுட்டல் வேண்டும். 1943 இல் தோன்றிய தமிழ் இசைச் சங்கம் 1949 முதல் பண்ணாராய்ச்சிக் கூட்டங்களை நடத்திவந்தது. அங்கே ஓதுவார்களும் இசைப்புலவர்களும் ஒருங்கிருந்து, பாடிக் காட்டியும் வினாவியும் பண்களை ஆராய்ந்தனர். பாடிக் காட்டி ஆராயும் அம்முறையின் சிறு வடிவமே இல்லந்தோறும் வேண்டப்படுவது. இருவர் முரணிய இடத்தில் வாதத்தை நிறுத்தி, அப்பாடலை மீட்டும் ஒலிக்கச் செய்து இருவரும் ஒருங்கே கேட்டலினும் சிறந்த நடுவர் பிறரில்லை.

இதனால் விளையும் பயன் சிறிதன்று. சிம்பொனி இசைக்குழுவின் ஒலியால் ஈர்க்கப்பட்டுத் திருவாசகத்தின் வாயிலில் வந்து நிற்கும் இளைஞர் பலர் உளர். அவர் கேட்ட முதலிசையை மூத்தோர் இகழ்வராயின், இகழப்பட்டது இசையமைப்பு என அவர் எண்ணார். தாம் இகழப்பட்டதாகவே எண்ணி, வந்த வழியே மீள்வர். அவ்வாறன்றி, வாயிலிலேயே அவரை மகிழ்ந்திருக்க விடுதலும் அன்பாகாது; ஆறு பாடல்களே திருவாசகம் என்று கொண்டு அவர் அமைவர், ஏனைய 45 பகுதிகள் அவர்க்கு மறைபொருளாகவே நிற்கும். அவர் விரும்பிய பாடலை அவரோடு உடனிருந்து கேட்டு, அதன் நலத்தை ஒப்பி, அப்பாடல் எழுந்த பகுதியை நூலில் எடுத்துக் காட்டி, ஓதுவார் ஒருவரின் பதிவில் அதனையே மீட்டும் கேட்பிப்பாராயின், இரு தலைமுறையும் ஒரே திருவாக்கின்முன் அமரும். கேட்டல் அங்கே சிந்தித்தலாகும். சிந்தித்தல் தெளிதலுக்கு வழிவகுக்கும். இசைத் தொகுப்பால் சைவம் பெறத்தக்க பயன் அதுவேயாம்.